புதுப் பொருளும் புது வீடும்

'வீட்டைக் கட்டிப்பார், கல்யாணத்தைப் பண்ணிப்பார்' என்பது நாம் அனைவரும் அறிந்த பழமொழி. செலவுக்கு அஞ்சுக என்னும் எச்சரிக்கையாகவே இதனைப் பெரும்பாலும் வழங்கி வருகிறோம். ஆயினும் இதிலுள்ள 'பார்' என்னும் சொல்லைச் சற்று நின்று நோக்குதல் தகும். உண்டு பார், நடந்து பார் என்னுமிடத்து, முயன்று விளைவை அறிக என்பதே கருத்தாகும். அவ்வாறாயின், வீடு கட்டுதல் ஒரு சோதனையே என்பதைப் பழமொழி முன்னரே ஒப்புக்கொண்டுவிட்டது.

ஆனால் இச்சோதனைக்கும் ஆய்வுக்கூடத்துச் சோதனைக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. ஆய்வுக்கூடத்தில் ஒரு செங்கல்லை இயந்திரத்தில் இட்டு நசுக்கும்போது உடைவது செங்கல் மட்டுமே. சோதிப்பவர் அப்பால் நிற்கிறார். வீட்டிலோ, சோதனை நடைபெற்றுக்கொண்டிருக்கும்போதே உள்ளே ஒரு குடும்பம் அடுப்பு மூட்டுகிறது, குழந்தை உறங்குகிறது. சோதனை தவறினால் ஒழுகுவது அவர்கள் கூரை. கரைவது அவர்கள் சேமிப்பு. ஆகவே, இந்நாளில் வீடு கட்டுதற்கெனப் புதிது புதிதாக வரும் பொருள்களையும் முறைகளையும் பற்றிப் பேசும்போது, பொருளின் வலிமை எவ்வளவு என்பதோடு, அதனைச் சோதிக்கும் சுமை யார் தலையில் விழுகிறது என்பதையும் நாம் உடன் வைத்தே எண்ண வேண்டும்.

பழைய செங்கல்லும் சிமெண்டும் இருக்கப் புதுப் பொருள் எதற்கு என்று சிலர் கேட்பர். கேள்வி நியாயமானதே. சூளைச் செங்கல்லுக்கு வயலின் மேல்மண் போகிறது. மேல்மண் போன வயல் மீண்டும் வளம்பெறப் பல தலைமுறை ஆகும். சுண்ணாம்புக்கல்லை ஏறத்தாழ 1450 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சுட்டே சிமெண்டின் மூலப்பொருளாகிய கிளிங்கரை எடுக்கிறோம். எரிபொருளின் புகை ஒருபுறமிருக்க, சுண்ணாம்புக்கல்லே வெந்து கரியமில வாயுவை வெளியிடுகிறது. உலகில் மனிதர் வெளியிடும் கரியமில வாயுவில் நூற்றுக்கு 7 அல்லது 8 பங்கு சிமெண்டினால் வருவதென்பர். ஆற்று மணலின் நிலையை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. இவ்வளவும் நேர்ந்தும் வீடற்றோர் தொகை தீர்ந்தபாடில்லை. எனவே சோதனை வேண்டாம் என்று சொல்லும் உரிமை நமக்கு இல்லை. எவ்வாறு சோதிப்பது என்பதே கேள்வி.

சுதந்திர பாரதம் இக்கேள்வியைத் தன் தொட்டிற் பருவத்திலேயே சந்தித்தது. பிரிவினையால் இடம்பெயர்ந்து வந்தோர் இலட்சக்கணக்கானோர். அவர்களுக்கு விரைவாக வீடு வேண்டும். அப்போது இரண்டு வகையான முயற்சிகள் நடைபெற்றன. ஒன்று, பஞ்சாபின் கர்னால் பகுதியில் 1948-ஆம் ஆண்டையொட்டி நடந்தது. அங்கே கிடைத்த மண்ணோடு சிறிதளவு சிமெண்டைக் கலந்து, பலகைகளுக்கிடையே இட்டு, இடித்து இறுக்கிச் சுவர் எழுப்பினர். ஆயிரக்கணக்கான வீடுகள் இவ்வாறு எழுந்தன. மற்றொன்று தில்லியில் நடந்தது. அரசாங்கமே ஒரு வீட்டுத் தொழிற்சாலையை நிறுவி, நுரைக் கான்கிரீட்டால் பெரும் பலகைகளை வார்த்து, அவற்றைப் பொருத்தி வீடுகளை ஆக்க முற்பட்டது. 1950-ஆம் ஆண்டு தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது. முறையோ வெளிநாட்டிலிருந்து வந்தது, நோக்கமோ உயர்ந்தது. பலகைகள் வெடிப்புற்றன. நாடாளுமன்றத்தில் கண்டனங்கள் எழுந்தன. திட்டத்திற்குப் பொறுப்பேற்றிருந்த ஆட்டோ கோனிக்ஸ்பெர்கர், மைசூர் அரசில் கட்டடக் கலைஞராகப் பணியாற்றியவர், புவனேசுவர நகருக்குத் திட்டம் வரைந்தவர், 1951-இல் இந்தியாவை விட்டு இலண்டன் சென்றார். தொழிற்சாலை பின்னர் வேறு வகைக் கான்கிரீட்டுப் பொருள்களை வார்த்துப் பிழைத்துக்கொண்டது. 1978-இல் 'இந்துஸ்தான் பிரீஃபாப்' என்னும் பெயரையும் பெற்றது.

அறிவாளிகள் குறைவினால் தில்லி முயற்சி தோற்றது என்று நாம் கருதவில்லை. கர்னாலில், சுவரை எழுப்பிய கை அந்தச் சுவரின் குணத்தை அறிந்திருந்தது. மண்ணை இடித்து எழுப்புவது அம்மக்களுக்குப் பழக்கமான வேலை. புதிதாகச் சேர்ந்தது ஒரு பிடி சிமெண்டு. தில்லியிலோ, பலகை வெடித்தால் அதனைச் செப்பனிடத் தெரிந்தவர் தொழிற்சாலைக்கு வெளியே ஒருவரும் இலர்.

இந்த வேறுபாட்டை வாழ்நாள் முழுதும் மனத்திற் கொண்டு உழைத்தவர் ஒருவர் உண்டு. இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் 1917-இல் பிறந்து, 2007-இல் திருவனந்தபுரத்தில் மறைந்த லாரி பேக்கரையே குறிக்கிறோம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மும்பையில் காந்தியடிகளைச் சந்தித்த அவர், தொழுநோயாளர்க்கு மருத்துவமனைகளை அமைக்கும் பணியில் இந்தியா வந்தார். இமயமலைச் சாரலில் பித்தோராகரில் பல ஆண்டுகள் வாழ்ந்தார். பின் கேரளத்திற்கு வந்து நிலைபெற்றார். 1989-இல் இந்தியக் குடிமகனுமானார். ஒரு வீட்டுக்கு வேண்டிய பொருள்கள் யாவும் அவ்வீட்டைச் சுற்றி ஐந்து கல் தொலைவுக்குள் கிடைப்பனவாக இருத்தல் வேண்டும் என்பது காந்தியடிகளின் கருத்தென அவர் அடிக்கடி எடுத்துரைப்பார்.

பேக்கரின் பெயரோடு இன்று பிரிக்க இயலாதபடி இணைந்துள்ளது எலிப்பொறிக் கட்டு எனப்படும் சுவர் முறை. இதனைக் கண்டுபிடித்தவர் அவரல்லர். இங்கிலாந்தில் முன்பே வழங்கியது. எனினும் நம் நாட்டில் பரப்பிய பெருமை அவரையே சாரும். வழக்கமாகச் செங்கல்லைப் படுக்க வைத்துக் கட்டுகிறோம். இம்முறையில் பக்கவாட்டில் நிமிர்த்தி வைக்க வேண்டும். வெளிமுகத்தில் ஒரு கல், உள்முகத்தில் ஒரு கல், இரண்டையும் இணைக்கக் குறுக்கே ஒரு கல் என வரிசை அமையும்போது, சுவரின் நடுவே சுமார் 3 அங்குல அகலத்திற்கு வெற்றிடம் விழுகிறது. சுவரின் தடிப்பு 9 அங்குலமே, குறைவதில்லை. ஆனால் செங்கல்லில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு மிச்சமாகிறது. கலவையிலும் அதற்குக் குறையாத மிச்சம். உள்ளே அடைபட்ட காற்று வெயிலின் வெப்பத்தை எளிதில் உள்ளே விடுவதில்லை. மின்கம்பியை இழுக்கவும், வேண்டுமிடத்தில் இரும்புக் கம்பியை நிறுத்திக் கான்கிரீட் இடவும் அதே வெற்றிடம் உதவுகிறது.

கூரையிலும் இதே சிந்தனை ஓடுகிறது. கான்கிரீட் தளத்தின் மேற்பகுதி அழுத்தத்தைத் தாங்குகிறது, கீழ்ப்பகுதி இழுபடுகிறது. இழுவிசையைத் தாங்குவது இரும்புக் கம்பி. அவ்விடத்துக் கான்கிரீட்டோ கம்பிகளைப் பிடித்துக்கொண்டிருப்பதைத் தவிரப் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. வேலை செய்யாத ஆளுக்குக் கூலி எதற்கு? ஆகவே கம்பிகளுக்கு இடைப்பட்ட கட்டங்களில் பழைய மங்களூர் ஓடுகளை இரண்டிரண்டாகக் கவிழ்த்து வைத்து, மேலே கான்கிரீட்டை இடுகின்றனர். தளத்தின் எடை குறைகிறது. அதனால் கம்பியும் குறைகிறது. அடியிலிருந்து நோக்கினால் ஓடுகளின் செந்நிறம் வரிசையாகத் தோன்றி அழகும் தருகிறது.

இவற்றைக் காகிதத்தில் விளக்குவது எளிது. கொத்தனார் கையில் ஏற்றுவது அரிது. பழகிய கரணைக்குச் செங்கல்லைப் படுக்க வைப்பதே இயல்பு. நிமிர்த்தி வைக்கச் சொன்னால், தம் தொழிலையே குறை கூறுவதாக முதலில் எண்ணுவார். வெற்றிடத்திற்குள் கலவை உதிர்ந்து நிரம்பினால் முறையின் பயன் பாதி போய்விடும். பேக்கர் அலுவலகத்தில் அமர்ந்து வரைபடம் அனுப்பும் வழக்கத்தைக் கைக்கொள்ளாமல், கட்டுமிடத்திலேயே நின்று, கிடைத்த காகிதத்தின் பின்புறத்தில் வரைந்து காட்டி, கொத்தனாரோடு சேர்ந்து முடிவு செய்தமைக்குக் காரணம் இதுவே. திருவனந்தபுரத்தில் நாலாஞ்சிறையில் பாறைச் சரிவொன்றில் அமைந்த தம் சொந்த வீட்டையே அவர் தம் முறைகளுக்குக் களமாக்கினார். சோதிப்பவரே சோதனைக்குள் குடியிருந்தார். அவர் கட்டிய துளைச் சுவர்களின் வழியே தென்றலோடு கொசுவும் தூசியும் வருமே என்று கேட்டால், வரும் என்றே நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். எல்லாக் குடும்பத்திற்கும் எல்லாம் பொருந்தாது.

1985-இல் திருச்சூரில் தோன்றிய 'காஸ்ட்ஃபோர்டு' என்னும் நிறுவனமும், கொல்லத்தில் முதலில் தோன்றி நாடெங்கும் பரவிய கட்டுமான மையங்களும், இம்முறைகளைக் கொத்தனார்களுக்கும் பெண் தொழிலாளர்க்கும் பயிற்றுவித்தன. நம் எண்ணத்தில், ஒரு புதுப் பொருளைக் கண்டுபிடிப்பதற்கு நிகரான பெருமை இப்பயிற்சிக்கும் உண்டு.

இனி மண்ணுக்கு வருவோம். கர்னாலில் இடித்து எழுப்பிய மண்ணை, கல்லாகவே வார்த்தெடுத்தால் என்ன என்ற எண்ணம் உலகின் பல இடங்களில் எழுந்தது. 1950-களில் தென்னமெரிக்காவின் கொலம்பியா நாட்டில், ராவுல் ராமிரெஸ் என்னும் பொறியியலார் கையால் இயக்கும் ஓர் அச்சு இயந்திரத்தை அமைத்தார். 'சின்வா-ராம்' எனப் பெயர்பெற்ற அவ்வியந்திரத்தின் வழித்தோன்றல்கள் பல. பெங்களூரு இந்திய விஞ்ஞானக் கழகத்தில் 1974-இல் தொடங்கிய 'அஸ்த்ரா' என்னும் கிராமத் தொழில்நுட்ப அமைப்பு, நம் நாட்டு மண்ணுக்கும் நம் தொழிலாளர் உடலுக்கும் ஏற்றதோர் இயந்திரத்தை உருவாக்கியது. புதுச்சேரியை அடுத்த ஆரோவில்லில் 1989-இல் தோன்றிய மண் கட்டடப் பயிலகம், அதே வழியில் மேலும் பல அச்சுகளையும், சாரமின்றி எழுப்பும் வில்வளைவுக் கூரைகளையும் பயிற்றுவித்து வருகிறது.

செய்முறை சுருக்கமானது. மணற்பாங்கும் களிமண்ணும் அளவாகக் கலந்த மண்ணைச் சலித்து, நூற்றுக்கு 5 பங்கு அளவில் சிமெண்டு சேர்த்து, இலேசாக ஈரமாக்கி, அச்சிலிட்டு நெம்புகோலால் அழுத்தினால் கல் வெளிவருகிறது. சூளை வேண்டாம், விறகு வேண்டாம். மூன்று நான்கு வாரங்கள் ஈரம் காயாமல் நீர் தெளித்துக் காத்தால் போதும். மண்ணைத் தேர்வதற்குக்கூட ஒரு கண்ணாடிக் குடுவையும் தண்ணீரும் முதற்சோதனைக்குப் போதுமானவை. குலுக்கி வைத்தால் மணல் கீழும், வண்டல் நடுவிலும், களிமண் மேலுமாகப் படிந்து அளவைக் காட்டிவிடும்.

எனினும், கெடுவதும் இச்சிறு காரியங்களிலேதான். கரிசல் மண்ணை அப்படியே அச்சிலிட்டால் காய்ந்ததும் சுருங்கி வெடிக்கும். அவசரத்தில் இரண்டு நாள் நீர் தெளிக்காமல் விட்டால், கல் பார்வைக்குக் கல்லாக இருக்கும். விரலால் சுரண்டினால் பொடியாகும். இரண்டாவது மழைக்காலத்தில் அடிச்சுவர் அரித்துவிட்டது, மண் வீடு உதவாது என்று கூறப்படும் இடங்களில், மண்ணைவிட இறவாணத்தின் குறுக்கமும் கடைக்காலின் தாழ்வுமே பெரும்பாலும் குற்றவாளிகள். மண் சுவருக்கு மேலே நீண்ட இறவாணமும் கீழே உயர்ந்த திண்ணையும் வேண்டும் என்பதை நம் பாட்டனார்கள் அறிந்திருந்தனர். 2001-ஆம் ஆண்டு சனவரி 26-ஆம் நாள் கட்ச் பகுதியில் பூமி அதிர்ந்தபோது, கல்லையும் மண்ணையும் வைத்துச் சதுரமாகக் கட்டிய வீடுகள் பெருமளவில் இடிந்தன. அவ்வூர் மக்களின் 'பூங்கா' எனப்படும் வட்ட வடிவ மண் வீடுகள் பல தாங்கி நின்றன. ஒரே மண், வடிவமும் கட்டும் முறையுமே வேறு.

மண்ணை வைத்துச் செய்த சோதனைகளுள் நெஞ்சைக் கவர்வது ஒன்றை இங்கே சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறோம். ரே மீக்கர் என்னும் அமெரிக்கக் குயவர், டெபோரா சுமித் அம்மையாருடன் சேர்ந்து 1971-இல் புதுச்சேரியில் ஒரு மட்பாண்டத் தொழிலகத்தை நிறுவினார். சூளையோடு பழகியவருக்கு ஓர் உண்மை நாள்தோறும் கண்ணில் பட்டுக்கொண்டிருக்கும். சூளையில் எரிக்கும் விறகின் வெப்பத்தில் பெரும்பங்கு, உள்ளே இருக்கும் பாண்டத்தைச் சேராமல் சூளையின் சுவரைச் சூடாக்கவே போகிறது. அந்தச் சுவரையே வீட்டுச் சுவராக்கினால்? ஈரானில் நாதர் கலீலி என்னும் கட்டடக் கலைஞர் இவ்வெண்ணத்தை முன்னரே சோதித்திருந்தார். மீக்கர் 1980-களின் நடுப்பகுதியிலிருந்து பல ஆண்டுகள் இதில் ஈடுபட்டார். பச்சை மண்கல்லால் வளைகூரையும் குவிமாடமும் கொண்ட வீட்டை முழுதாகக் கட்டுவார். அதன் உள்ளே சுடாத செங்கல், ஓடு, பாண்டம் ஆகியவற்றை அடுக்கி நிரப்புவார். வாயில்களை அடைத்துத் தீ மூட்டுவார். நாட்கணக்கில் எரிந்து ஆறிய பின் திறந்தால், உள்ளே சரக்கு விற்பனைக்கு ஆயத்தம். சுற்றிலும் நீரில் கரையாத சுட்ட வீடு. வீட்டையே சூளையாக்கி, சூளையின் வருவாயால் வீட்டுச் செலவை ஈடுகட்டும் எண்ணத்தின் அழகைப் பாராட்டாமல் இருக்க இயலாது.

ஆனால் இது பரவவில்லை. தீ சுவரின் முழுத் தடிப்புக்கும் ஒரே சீராக ஏறுவது கடினம், விறகோ மலிவன்று, தீயின் போக்கை நிறத்தால் அறியும் கண், குயவனுக்கு வாய்ப்பது போலக் கொத்தனாருக்கு வாய்ப்பதில்லை. ஒரு பாண்டம் சூளையில் வெடித்தால் குயவன் அடுத்ததை வனைவான். ஒரு வீடு வெடித்தால்? நிலமும் சேமிப்பும் உள்ள ஆர்வலர் சிலருக்கு இது அரிய அனுபவம். ஒரே ஒரு முறை வீடு கட்டும் வாய்ப்பைப் பெற்றவருக்கு இவ்வழியைக் காட்ட நமக்குத் துணிவு வராது.

இதுவரை கையால் ஆகும் முறைகளைப் பார்த்தோம். தில்லித் தொழிற்சாலையின் கனவும் மறைந்துவிடவில்லை. இன்று பன்மடங்கு திறமையோடு திரும்பி வந்துள்ளது. உரத் தொழிற்சாலைகளில் மலையெனக் குவியும் ஜிப்சக் கழிவோடு கண்ணாடி இழையைச் சேர்த்து 12 மீட்டர் நீளமும் 3 மீட்டர் உயரமும் கொண்ட உட்குழிவுப் பலகைகளை வார்க்கும் ஆஸ்திரேலிய முறையைச் சென்னை ஐ.ஐ.டி. நம் நாட்டு நிலநடுக்கத்திற்கும் ஏற்றவாறு ஆராய்ந்து, 2013-இல் தன் வளாகத்திலேயே இரண்டு மாடிக் குடியிருப்பொன்றை ஏறத்தாழ ஒரு மாத காலத்தில் எழுப்பிக் காட்டியது. அதே வளாகத்தில் 2021-இல், கணினி இயக்கும் குழாய் வழியே கலவையைப் பிழிந்து அடுக்கும் முறையில், சுமார் 600 சதுர அடி வீடு ஒன்று அமைந்தது. முறுக்குப் பிழிவது போலிருக்கிறதே என்று கண்டவர் சொல்லக்கூடும், உவமை தவறன்று. சுவரையும் தளத்தையும் அலுமினிய அச்சில் ஒருங்கே வார்க்கும் முறையோ, பெருநகர்களின் அடுக்ககங்களில் இப்போது வழக்கமாகிவிட்டது. 2021 சனவரி முதல் நாள் ஆறு நகரங்களில் ஆறு வேறு முறைகளில் தலா ஆயிரம் வீடுகள் என்னும் அளவில் மைய அரசு தொடங்கிய திட்டத்தில், சென்னைக்கு முன்வார்ப்புக் கான்கிரீட் முறை வாய்த்தது. 1,152 வீடுகள் கொண்ட அக்குடியிருப்பு 2022 மே மாதம் திறக்கப்பெற்றது.

விரைவு உண்மை, சீர்மையும் உண்மை. வெடித்த பலகைகளின் காலம் போய்விட்டது. எனினும் வீட்டிற்குள் நுழைந்து பார்ப்போம். இல்லத்தரசி நாட்காட்டியை மாட்ட ஓர் ஆணி அடிக்கிறார். வார்ப்புச் சுவரில் ஆணி வளைகிறது. மகளுக்குக் குழந்தை பிறந்தது. தூளி கட்ட மேலே ஒரு கொக்கி இல்லை. வருவாய் சற்று உயர்ந்து பக்கத்தில் ஓர் அறை எடுக்க எண்ணினால், சுமையைத் தாங்குவது சுவரே ஆதலின் அதில் வாயில் திறக்கக் கூடாது என்கின்றனர். செங்கற்சுவரைவிடக் கான்கிரீட் வெப்பத்தை விரைவில் கடத்துவது. மெல்லிய வார்ப்புச் சுவரின் மேற்கு முகத்தில் மாலை வெயில் பட்டால் இரவிலும் அறை வெதுவெதுப்பாயிருக்கும். இவற்றுக்குப் பரிகாரம் இல்லாமலில்லை. கொக்கியும் மாடமும் நிழற்பலகையும் வார்க்கும்போதே வைத்துவிடலாம். ஆனால் வார்ப்பதற்கு முன்னரே குடியிருப்போரைக் கேட்டிருக்க வேண்டும். அடுக்ககத்தை வாங்கும் செல்வர் கேட்காமலேயே கேட்கப்படுகிறார். ஒதுக்கீட்டில் வீடு பெறும் ஏழை, கட்டி முடிந்த பின்னரே தம் வீடு இன்னதென்று அறிகிறார். புதுமுறைகள் பெரும்பாலும் ஏழையர் குடியிருப்பிலேயே முதலில் பெருமளவில் சோதிக்கப்படுகின்றன என்பதையும் நேயர்கள் கருதிப் பார்க்க வேண்டுகிறோம். ஆறு நகர்த் திட்டத்தைத் தொடங்கியபோது, அதனை மாணவரும் பொறியியலாரும் நேரில் கற்கும் ஆய்வுக்கூடம் என்றே அறிவித்தனர். நல்லதே. கட்டும்போது பார்க்க வந்த அந்த மாணவர்கள், மக்கள் குடிபுகுந்து பத்து மழைக்காலம் கண்ட பின்பும் ஒருமுறை வந்து, எங்கே ஒழுகுகிறது, எந்த இணைப்பு வாய் பிளந்தது என்று குறிப்பெடுத்தால், ஆய்வுக்கூடம் என்னும் பெயர் முழுப் பொருள் பெறும்.

கொத்தனாரையும் குடியிருப்போரையும் அதிகம் வருத்தாத ஒரு புதுமையும் இதற்கிடையே வந்துள்ளது. சிமெண்டில் கிளிங்கரின் அளவைப் பாதியாகக் குறைத்து, எஞ்சியதைச் சுட்ட களிமண்ணாலும் அரைத்த சுண்ணாம்புக்கல்லாலும் நிரப்பும் முறை அது. சுவிட்சர்லாந்து, கியூபா, இந்தியா ஆகிய நாடுகளின் ஆராய்ச்சியாளர் கூடி வகுத்தது. தில்லி, சென்னை ஐ.ஐ.டி.கள் இதில் பங்கு கொண்டன. களிமண்ணை 700 முதல் 850 பாகை வெப்பத்தில் சுட்டாற் போதும்; கரியமில வாயுவோ ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. சான்சியில் இச்சிமெண்டால் ஒரு மாதிரி வீட்டையும் கட்டிப் பார்த்தனர். 2023-இல் இந்தியத் தர நிர்ணயமும் இதற்கு வெளியாயிற்று. கொத்தனார் கரணையை மாற்ற வேண்டுவதில்லை. ஆணியும் கொக்கியும் பழையபடியே. ஆயினும் சுட்ட களிமண்ணின் செஞ்சாயல் இச்சிமெண்டில் சிறிது தோன்றக்கூடும். பச்சை கலந்த சாம்பல் நிறமே நல்ல சிமெண்டின் அடையாளம் என்று பழகிப்போன கண், மூட்டையைப் பிரித்தவுடன் ஐயுறும்.

ஐயுறுவது கண் மட்டுமன்று, ஏடும் ஐயுறுகிறது. 2011-ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கின்போது, வீட்டுச் சுவர் எதனால் ஆனது என்பதற்குச் சில கட்டங்கள் இருந்தன. புல், ஓலை, மூங்கில் ஒரு கட்டம்; மண் அல்லது சுடாத செங்கல் ஒரு கட்டம்; கல்லுக்குத் தனி; சுட்ட செங்கல்லுக்குத் தனி; கான்கிரீட்டுக்குத் தனி. அவ்வாண்டில் நாட்டின் வீடுகளுள் ஐந்தில் ஒன்றுக்கும் மேற்பட்டவை மண் சுவருடையனவாகக் கணக்கிடப்பட்டன. மண் என்னும் கட்டத்தில் விழுந்த வீடு பொதுவாகக் கச்சா வீடென்றே கொள்ளப்படுகிறது. கடன் கேட்டுச் சென்றாலும் அதே பார்வைதான் பின்தொடர்கிறது. இத்தனைக்கும், அழுத்திய மண்கல்லுக்கு இந்தியத் தர நிர்ணயம் நெடுநாளைக்கு முன்னரே வெளிவந்து 2013-இல் திருத்தமும் பெற்றுவிட்டது. மண்ணைக் குடுவையிலிட்டுச் சோதித்து, அளவறிந்து சிமெண்டு சேர்த்து, நான்கு வாரம் நீர் தெளித்துக் காத்து, நீண்ட இறவாணமும் உயர்ந்த திண்ணையும் வைத்து ஒருவர் வீடு கட்டி முடிக்கிறார். கணக்கெடுப்பவர் வாயிலில் வந்து நின்று, சுவரைத் தட்டிப் பார்த்து, 'மண்' என்பதிலோ 'பிற' என்பதிலோ குறியிட்டுச் செல்கிறார். அவர் கையிலுள்ள தாளில் அந்தச் சுவருக்கு வேறு கட்டம் இல்லை.